நலம், நலமறிய ஆவல்

திருவண்ணாமலை கோயிலுக்குப் போகிறவர்கள் வல்லாள கோபுரத்தைத் தாண்டுகிற அவசரத்தில் ஒரு சன்னதியைத் தவறவிட்டு விடுவார்கள். கோபுரத்திளையனார் சன்னதி. கோபுரத்தை ஒட்டியபடி நிற்கும் முருகன். அடுத்த முறை போனால் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். தமிழ்நாட்டில் தற்கொலைத் தடுப்புக்கென்று ஒரு சன்னதி உண்டென்றால் அது இதுதான்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். டி.எம்.சௌந்தரராஜன் நடித்து 1964-ல் சினிமாவாகவே வந்தது. வாழ்க்கை வெறுத்துப்போன அருணகிரி கோபுரத்தில் ஏறி உயிரை விடப் பார்க்கிறார். முருகன் தாங்கிக்கொள்கிறான்.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் கவனிக்கச் சொல்வது, முருகன் அங்கே என்ன செய்யவில்லை என்பதை. 'உயிர் எவ்வளவு பெரிய வரம் தெரியுமா?' என்று அட்வைஸ் பண்ணவில்லை. 'கோழை' என்று திட்டவில்லை. 'குடும்ப மானம் என்ன ஆவது?' என்று கேட்கவில்லை. செய்தது மூன்றே காரியம். முதலில் பிடித்தான். அப்புறம் பேசினான். அதற்கும் அப்புறம் ஒரு வேலை கொடுத்தான்: 'பாடு' என்றான். அந்த மனிதர் மிச்ச வாழ்நாள் முழுக்க ஊர் ஊராகப் போய்ப் பாடிக்கொண்டே இருந்தார். நமக்குத் திருப்புகழ் கிடைத்தது.

பிடி. பேசு. வேலை கொடு. இந்த மூன்றையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு, இந்த வாரம் ஒரு விஷயத்தை ஆடிட் செய்யலாம் என்று இருக்கிறேன். பி.காம். படித்தவனுக்கு வேறென்ன தெரியும்? ராணுவத்தை விட்டு வெளியே வந்தவர்கள் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொள்வதைத் தடுக்க, உலகமெங்கும் தொண்டு நிறுவனங்கள் கோடி கோடியாகச் செலவழிக்கின்றன. அதில் எது நிஜமான வரவு, எது வெறும் 'குட்வில்'? கணக்குப் படித்தவர்களுக்குத் தெரியும். குட்வில் என்பது கண்ணுக்குத் தெரியாது, கைக்குப் பிடிபடாது. ஆனாலும் ஐந்தொகையில் சொத்துப் பக்கம் எழுதிக்கொள்ளலாம்!

*

'திருவண்ணாமலைக்கும் பட்டாளத்துக்கும் என்ன சார் சம்பந்தம்? அது சாமியார்கள் ஊராச்சே?' என்று நீங்கள் கேட்கலாம்.

பழைய வட ஆற்காடு ஜில்லா பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஜில்லா. அதிலிருந்து 1989-ல் பிரிந்ததுதான் திருவண்ணாமலை மாவட்டம். பக்கத்து வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை' என்றே பெயர். இந்த வட்டாரத்தில் டீக்கடையில் உட்கார்ந்து விசாரித்தால், 'அதோ, அவரு மிலிட்டரி' என்று யாரையாவது கைகாட்டுவார்கள்.

சரி, அந்த 'மிலிட்டரி' நமக்கு யார்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ஒன்று, கேன்டீன் பாட்டில். 'அண்ணே, இந்த மாசக் கோட்டாவில் எனக்கு ஒண்ணு' என்று சொல்லி வைக்கிற ஆள். தெருவில் அவருக்குள்ள மரியாதையில் பாதி அந்த ரம் பாட்டிலுக்கு உரியது. இரண்டு, செக்யூரிட்டி. ஏ.டி.எம். வாசலில், அபார்ட்மென்ட் கேட்டில், பெரிய கோயில்களில்கூட. முன்னாள் படைவீரர்களுக்கு இப்படி வேலை பார்த்துக் கொடுப்பதற்கென்றே தமிழக அரசு 1986-ல் 'டெக்ஸ்கோ' என்ற கழகத்தை ஆரம்பித்தது. நல்ல காரியம்தான். மூன்று, டிசம்பர் 7. கொடிநாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சட்டையில் குத்திக்கொண்டு வரும் சின்னக் காகிதக் கொடி. 1949-லிருந்து வருஷா வருஷம் நடக்கிறது.

நாலாவதாக ஒன்று யோசித்துச் சொல்லுங்கள் பார்க்கலாம். எனக்கு எதுவும் தோன்றவில்லை.

ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்தவர் பெரும்பாலும் நாற்பது வயதுக்கு முன்பின்னாக வெளியே வந்துவிடுகிறார். நம் ஆபீஸில் நாற்பது வயது என்றால் அப்போதுதான் மேனேஜர் ஆவார்கள். அந்த வயதில் இவருக்கு 'ரிட்டயர்டு' என்று பட்டம். நாடு முழுக்க வருஷத்துக்குச் சுமார் 60,000 பேர் இப்படி வெளியே வருகிறார்கள்.

ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெயர் வேண்டாம். பதினெட்டு வயதில் ரயிலேறினார். பதினேழு, பதினெட்டு வருஷம் வருஷத்துக்கு ஒருதரம் லீவில் வந்து போனார். வரும்போதெல்லாம் வீட்டில் திருவிழா. இப்போது ஒரேயடியாக வந்துவிட்டார். முதல் மாதம் கறிச்சோறு. இரண்டாம் மாதம், வீட்டில் அவருக்கென்று ஒரு இடமே இல்லை என்பது தெரிகிறது. யாரும் கெட்டவர்கள் இல்லை. அவர் இல்லாமல் வீட்டை நடத்த அந்த அம்மா பதினேழு வருஷமாகக் கற்றுக்கொண்டு விட்டார், அவ்வளவுதான். பிள்ளைகள் அவரிடம் கேட்பதில்லை, அம்மாவிடம் கேட்கிறார்கள். காலை நாலரைக்கு முழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து எங்கே போவது?

பட்டாளத்தில் ரோல் கால் என்று ஒன்று உண்டு. ஆட்களை நிற்க வைத்து எண்ணுவார்கள். ஒருவர் குறைந்தாலும் எங்கே என்று கேள்வி வரும். இத்தனை வருஷம் தினம் தினம் யாரோ அவரை எண்ணிக்கொண்டிருந்தார்கள். இப்போது அவர் ராத்திரி பதினொரு மணிக்குக் கிரிவலப் பாதையில் தனியாக நடந்து போனாலும் கேட்பாரில்லை. பௌர்ணமி அன்று லட்சக்கணக்கான பேர் நடக்கிற பதினாலு கிலோமீட்டர் அது. அந்தக் கூட்டத்தில் யார் வேண்டுதலுக்கு நடக்கிறார், யார் வீட்டில் இருக்க முடியாமல் நடக்கிறார் என்று எந்த மகானுக்கும் தெரியாது.

*

எண்ணுவதைப் பற்றிச் சொன்னேன். நம் அரசாங்கம் எப்படி எண்ணுகிறது என்று பார்ப்போம்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஒவ்வொரு வருஷமும் தற்கொலைப் புள்ளிவிவரம் வெளியிடுகிறது. 2022-ல் இந்தியாவில் 1,70,924 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. விவசாயி, மாணவர், இல்லத்தரசி, தினக்கூலி என்று தொழில் வாரியாகப் பிரித்துப் போடுகிறார்கள். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற மத்திய ஆயுதப் படையினருக்குத் தனி அட்டவணையே உண்டு. பணியில் இருக்கும் ராணுவத்தினர் எத்தனை பேர் என்று எம்.பி.க்கள் கேட்டால் பாராளுமன்றத்தில் அமைச்சர் பதில் சொல்கிறார்.

முன்னாள் ராணுவத்தினர்? அந்தத் தலைப்பே கிடையாது. 'ஓய்வு பெற்றோர்' என்ற கட்டத்துக்குள், தாலுகா ஆபீஸ் கிளார்க்கோடும் பாங்க் கேஷியரோடும் சேர்ந்து போய்விடுகிறார். வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் கட்டத்தில்கூட இல்லை. சீருடை இருக்கும்வரை கணக்கில் உண்டு, கழற்றிய மறுநாளே கணக்கிலிருந்து காணாமல் போகிறார். லெட்ஜரில் தலைப்பே இல்லாத செலவுக்கு எந்த ஆடிட்டரும் ஆட்சேபம் எழுப்ப முடியாது.

ஒரே ஒரு தடவை நாடே எண்ணிப் பார்த்தது. 2016 நவம்பர் 1. ஹரியானா மாநிலம் பிவானி மாவட்டத்தைச் சேர்ந்த முன்னாள் சுபேதார் ராம் கிஷன் கிரேவால், 'ஒரே பதவி, ஒரே பென்ஷன்' கோரிக்கைக்காக டெல்லிக்குப் போனவர், அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு அடுத்த நாட்களை நினைவுபடுத்திப் பாருங்கள். எதிர்க்கட்சித் தலைவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். போலீஸ் அவர்களைப் பிடித்து வைத்தது. முன்னாள் ராணுவத் தளபதியாகவே இருந்த ஒரு மத்திய மந்திரி, இறந்தவரின் மனநிலையை விசாரிக்க வேண்டும் என்றார். சேனல்கள் அவர் மகனோடு கடைசியாகப் பேசிய போன் பேச்சைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பின.

இவ்வளவு பேர் பேசினார்களே, எத்தனை பேர் இதே மாதிரி மனநிலையில் உட்கார்ந்திருக்கும் அடுத்த மனிதரை நினைத்துப் பேசினார்கள்? ஒரு தற்கொலைக்கு ஒரே ஒரு காரணம் என்பது கிடையவே கிடையாது. பென்ஷன் என்று ஒரு கட்சி சொன்னது, மனநிலை என்று இன்னொரு கட்சி சொன்னது. இரண்டுமே ஒரு மனிதரைத் தலைப்புச் செய்தியாகச் சுருக்குகிற வேலை. 'மனநிலை' என்ற வார்த்தையை ஒரு மந்திரி வசை மாதிரி உபயோகித்தால், கிராமத்தில் இருக்கும் எந்த ஹவில்தார் நாளைக்கு மனநல டாக்டரிடம் போவார்?

*

இப்போது தொண்டு நிறுவனங்கள் பக்கம் வருவோம். இந்த விஷயத்தில் பணமும் ஆளும் கொட்டிக் கிடக்கிற நாடு அமெரிக்காதான். அங்கே 2013-ல் அரசின் முன்னாள் படைவீரர் துறை ஓர் அறிக்கை வெளியிட்டது. நாள் ஒன்றுக்குச் சுமார் 22 முன்னாள் வீரர்கள் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்றது. 21 மாநிலங்களின் விவரத்தை வைத்துப் போட்ட உத்தேசக் கணக்கு அது. பின்னால் கணக்கைத் திருத்தமாகப் போட்டபோது எண் குறைந்தது. 2022-க்கான கணக்கு, நாளொன்றுக்கு 17.6.

ஆனால் 22 பிடித்துக்கொண்டது. பெயரிலேயே 22 வைத்த அமைப்புகள் முளைத்தன. டி-ஷர்ட், கைவளையம், மாரத்தான். 2016-ல் ஒரு சவால் கிளம்பியது: தினமும் 22 தண்டால், 22 நாளைக்கு. வீடியோ எடுத்துப் போட வேண்டும். சினிமா நட்சத்திரங்கள் எடுத்தார்கள், பள்ளிப் பிள்ளைகள் எடுத்தார்கள். தண்டால் எடுத்தவர்களுக்குப் புஜம் வலுத்திருக்கும். நம் மூன்று அளவுகோலில் எதில் சேர்ப்பது? யாரைப் பிடித்தார்கள்? யாரோடு பேசினார்கள்?

இன்னொன்று. அந்த அமைப்புகளின் போஸ்டரைப் பாருங்கள். இருபத்தைந்து வயது வாலிபன், பாலைவனச் சீருடை, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நிஜக் கணக்கில், அப்படி இறந்தவர்களில் பாதிக்கு மேல் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். போர்முனையைவிட்டு வந்து பல வருஷம் ஆனவர்கள். உடம்பில் நோய், வீட்டில் மனைவி இல்லை, கையில் வேலை இல்லை, பக்கத்தில் பாட்டில். அதை போஸ்டராகப் போட்டால் யாரும் நன்கொடை தர மாட்டார்கள் போலிருக்கிறது. வாலிப வீரனின் சோகம் விற்கும். தாத்தாவின் தனிமை விற்காது.

க்ளே ஹன்ட் என்று ஒருவர். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் சண்டை போட்டவர். ஊர் திரும்பிய வீரர்களின் தற்கொலையைத் தடுப்பதற்கான விளம்பரத்தில் நடித்தவரும் அவர்தான். 2010 ஹைட்டி பூகம்பத்துக்குப் போய் உதவிய 'டீம் ரூபிகான்' குழுவிலும் இருந்தார். 2011-ல் தன் 28-வது வயதில் அவரே அப்படி இறந்து போனார். அவர் பெயரில் 2015-ல் அமெரிக்காவில் சட்டமே வந்தது. தடுப்பு விளம்பரத்தில் முகமாக இருப்பதும், தடுத்துப் பிடிக்கப்படுவதும் ஒன்றில்லை. இதை அவர் வாழ்க்கையைவிட அழுத்தமாக எந்த விமர்சகராலும் சொல்ல முடியாது.

டீம் ரூபிகான் செய்த ஒரு விஷயத்தை மட்டும் நான் மதிக்கிறேன். முன்னாள் வீரர்களைப் பார்த்து 'உங்களுக்கு உதவி வேண்டுமா?' என்று கேட்காமல், 'ஊர் மூழ்கிக் கிடக்கிறது, நீங்கள் உதவிக்கு வர முடியுமா?' என்று கேட்டார்கள். மூன்றாவது அளவுகோல், வேலை. அது எல்லோரையும் காப்பாற்றாது, க்ளே ஹன்டைக் காப்பாற்றவில்லை. ஆனால் திசை சரி.

*

அப்படியானால் எதுதான் உயிரைப் பிடிக்கிறது?

ஜெரோம் மோட்டோ என்று சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு மனநல மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர். அப்போது ஊரிலிருந்து ஒரு பெண் எழுதிய கடிதங்கள் அவரைத் தெம்பாக வைத்திருந்தன. அந்த நினைப்பில் 1969 வாக்கில் ஒரு சோதனை ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன பிறகு 'தொடர் சிகிச்சை வேண்டாம்' என்று சொல்லிவிட்ட 843 பேர். அவர்களில் ஒரு பாதிக்கு, ஐந்து வருஷத்தில் இருபத்து நாலு குட்டிக் கடிதங்கள். நாலு வரி. நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள். அவ்வளவுதான். அப்பாயின்ட்மென்ட் இல்லை, அட்வைஸ் இல்லை, அச்சடித்த பிரசுரம் இல்லை. ஒவ்வொன்றும் அந்த ஆளுக்கென்றே டைப் அடித்தது. முதல் இரண்டு வருஷங்களில், கடிதம் வந்தவர்களிடையே தற்கொலை கண்கூடாகக் குறைந்தது.

'அமெரிக்கா கதை நமக்கு எதுக்கு?' என்றால், நம்ம சென்னைக் கதை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து ஊர்களில் ஒரு சோதனை நடத்தியது. அதில் ஒன்று சென்னை, இன்னொன்று கொழும்பு. தற்கொலைக்கு முயன்று பிழைத்து ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு. பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது தடவை போனிலோ நேரிலோ போய் 'எப்படி இருக்கீங்க?'. 2008-ல் முடிவு வந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 18 பேர் பிற்பாடு தற்கொலையில் இறந்தார்கள். விசாரித்துக்கொண்டே இருந்த பாதியில் 2 பேர்.

பதினெட்டு, இரண்டு. வித்தியாசம் பதினாறு உயிர். செலவு, ஒன்பது 'எப்படி இருக்கீங்க'.

நேர்மையாக இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்கப் படைவீரர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்து 2019-ல் வெளியிட்ட சோதனையில் பலன் கலவையாகத்தான் வந்தது. கடிதம் மந்திரம் இல்லை. ஆனால் பேரணியைவிட, பேனரைவிட, தண்டாலைவிட அதன் பக்கம் சாட்சி அதிகம்.

இன்னொரு பக்கமும் சாட்சி பலமாக இருக்கிறது. கையெட்டும் தூரத்தில் ஆபத்து இருக்கக் கூடாது என்பது. அந்த வெறி பிடித்த நேரம் பலருக்குக் கொஞ்ச நேரமே நீடிக்கிறது. அதைத் தாண்டிவிட்டால் பெரும்பாலோர் வாழ்ந்துவிடுகிறார்கள். இலங்கை 1995 வாக்கில் உலகிலேயே தற்கொலை மிக அதிகமான நாடுகளில் ஒன்று. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். இருபது வருஷத்தில் விகிதம் எழுபது சதவீதம் அளவுக்கு இறங்கியது. நம் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம், சென்னை 'சினேகா' அமைப்பு சில கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பாங்க் லாக்கர் மாதிரி பொது இடத்தில் பூட்டி வைக்கச் செய்தது. சின்னச் சோதனைதான், அங்கேயும் பலன் தெரிந்தது. அமெரிக்க வீரர்களின் தற்கொலையில் பத்துக்கு ஏழு துப்பாக்கியால் நடக்கிறது. துப்பாக்கியைப் பூட்டி வை, நண்பரிடம் கொடுத்து வை என்று தைரியமாகச் சொல்கிற தொண்டு நிறுவனங்கள் அங்கே கொஞ்சம்தான். ஏனென்றால் நன்கொடையாளருக்குத் துப்பாக்கி பிடிக்கும்!

சினேகா பற்றி ஒரு வார்த்தை. 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் ஆரம்பித்தது. போனை எடுக்கிறவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்படும் கஷ்டமான பாடம், அட்வைஸ் செய்யாமல் கேட்பது. நம்ம ஊரில் இதைவிடக் கஷ்டமான பாடம் உண்டா, சொல்லுங்கள்?

*

இப்போது என் ஆடிட் ஆட்சேபங்கள்.

ஒன்று. நம் தொண்டு நிறுவனங்கள் செலவைத்தான் எண்ணுகின்றன, வரவை எண்ணுவதில்லை. ஆண்டறிக்கையைப் புரட்டினால் இத்தனை கருத்தரங்கு, இத்தனை உறுதிமொழி, இத்தனை மாணவர்கள் பங்கேற்ற பேரணி. ஒரு ஆளை ஒரு தடவை பார்த்தபின் ஆறு மாதம் கழித்து மறுபடி போய்ப் பார்த்தோமா என்ற பத்தி எங்கே? தவறு முழுக்க அவர்களுடையது இல்லை. பணம் கொடுக்கிற கம்பெனிக்கு போட்டோ வேண்டும். பேரணி போட்டோவில் விழும். ஒன்பதாவது தடவையாக ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவது போட்டோவில் விழாது.

இரண்டு. சல்யூட். முன்னாள் ராணுவத்தினருக்கான எந்த மேடையிலும் முதலில் 'எல்லைச்சாமிகளே' என்று ஆரம்பிக்கிறார்கள். சாமியாக்கிவிட்ட பிறகு அந்த மனிதர் 'எனக்கு ராத்திரி தூக்கமில்லை, அழுகை வருகிறது' என்று யாரிடம் சொல்வார்? மரியாதை என்ற பெயரில் நாம் அவர் வாயைக் கட்டுகிறோம். மெட்ராஸ் ரெஜிமென்டில் 'அடி, கொல்லு' என்று முழங்கக் கற்றுக்கொடுத்தார்கள். அது அந்த வேலைக்குத் தேவை. 'முடியலைப்பா' என்று சொல்வதை இங்கே யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும்.

மூன்று. வாசல். 14416 என்று 'டெலி மனஸ்' எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில், படையினருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் என்றே அதில் ஒரு பிரிவு தொடங்கினார்கள். நல்லது. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. ஆனால் எல்லா வாசலிலும் முதல் அடியை உடைந்து போனவர்தான் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. மோட்டோவும் சென்னைச் சோதனையும் சொல்வது இதற்கு நேர் எதிர். வேண்டாம் என்றவரைத் தேடி நீ போ.

நான்கு. சட்டம் மாறியது இன்னும் கிராமத்துக்குப் போய்ச் சேரவில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி வழக்கிலிருந்து காத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் பழைய 309-வது பிரிவே இல்லை. ஆனாலும் 'போலீஸ் கேஸ் ஆயிடும், வெளியே சொல்லாதே' என்று வீட்டோடு மூடி மறைக்கிறார்கள். மறைத்த இடத்தில் எந்தக் கடிதம் போய்ச் சேரும்?

*

இந்த மாவட்டத்தில் என்ன செய்யலாம்? புதிதாக ஒரு கட்டடம் வேண்டாம். ஆளும் இடமும் ஏற்கெனவே இருக்கின்றன. முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. யார் எந்தக் கிராமத்தில் இருக்கிறார் என்ற பதிவு அங்கே இருக்கிறது. முன்னாள் வீரர் சங்கங்கள் இருக்கின்றன. இன்று அங்கே பேசுவது பென்ஷன் பாக்கி, கேன்டீன் கார்டு, வீட்டுமனை. நியாயமான விஷயங்கள். அவற்றோடு ஒரே ஒரு அஜெண்டா கூடுதலாக வையுங்கள்: 'இந்த மாசம் யார் வரலை?' அவ்வளவுதான். ரோல் கால். வராதவர் வீட்டுக்கு இரண்டு பேர் போகட்டும். இரண்டு பேரில் ஒருவர் கட்டாயம் பட்டாளத்துக்காரராக இருக்கட்டும். பட்டாளத்து மொழி பட்டாளத்துக்காரருக்குத்தான் புரியும். அன்னதானத்துக்கு அரிசி மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற ஊர் இது. நாலு பேருக்கு பஸ் காசு கொடுக்க ஆள் கிடைக்காதா?

பென்ஷன் வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு சடங்கு தெரியும். லைஃப் சர்டிபிகேட். ஆண்டுக்கு ஒரு தடவை, 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று நிரூபிக்க வேண்டும். விரல் ரேகை, கருவிழி, ஆதார். அரசாங்கம் அந்த மனிதரிடம் வருஷா வருஷம் தவறாமல் கேட்கிற ஒரே கேள்வி: 'நீ இருக்கிறாயா?' கணக்குக்காகக் கேட்கிறது. காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் அதில் எனக்கு ஆட்சேபமில்லை. போலி பென்ஷனைத் தடுக்க வேண்டும்தான். அதே நாளில், அதே கவுன்டரில், அதே ஆளிடம், 'எப்படி இருக்கீங்க, தூக்கமெல்லாம் வருதா?' என்று கேட்க ஒரு நாற்காலி போட எவ்வளவு செலவாகும்? தொண்டு நிறுவனங்களே, உங்கள் பேரணிச் செலவில் பத்தில் ஒன்று போதும்.

இனிமேல் வரப்போகிறவர்களுக்கு அந்த ஒரு கேள்வியும் கிடையாது. 2022-ல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் நாலு வருஷம்தான் சேவை. நாலில் ஒருவரை மட்டும் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் இருபதுகளின் வயதிலேயே, ஒரு மொத்தத் தொகையோடு வீடு திரும்புவார்கள். பென்ஷன் இல்லை. முதலில் சேர்ந்தவர்களுக்கு நாலு வருஷம் 2026 கடைசியில் முடிகிறது. திட்டம் சரியா தவறா என்பது தனி விவாதம். பென்ஷன் இல்லாதவருக்கு லைஃப் சர்டிபிகேட் இல்லை. இருக்கிறாயா என்று கேட்கக்கூட யாருக்கும் அவசியமில்லாத முன்னாள் வீரர்கள் நம் தெருக்களுக்கு வரப்போகிறார்கள். அவர்களை எண்ணுவதற்கு இப்போதே ஒரு நோட்டுப் புத்தகம் போட வேண்டும்.

அரசாங்கமும் தொண்டு நிறுவனமும் வரும்வரை நீங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவிலும் ஒரு 'மிலிட்டரி' இருப்பார். பாட்டில் கேட்காமல் ஒருநாள் அவரோடு டீ சாப்பிடுங்கள். பழைய கதை சொன்னால் கேளுங்கள். சொல்லாவிட்டாலும் உட்கார்ந்திருங்கள். பேச்சு வேறு மாதிரி போனால், 'செத்துடலாம்னு தோணுதா?' என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, இதை நிபுணர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். 14416-க்கோ, சினேகாவின் 044-24640050-க்கோ அவர் பக்கத்தில் இருந்தபடியே போன் போடுங்கள். உங்களுக்கே அப்படி ஒரு நேரம் என்றாலும் அதே எண்கள்தான்.

தூரத்தில் இருந்தால் கடிதம் போடுங்கள். எல்லையில் இருந்த காலத்தில் '56 ஏ.பி.ஓ.' என்று விலாசம் எழுதி நாம் அனுப்பிய இன்லண்ட் லெட்டர்களில் முதல் வரி எப்போதும் ஒன்றுதான், 'நலம், நலமறிய ஆவல்'. பழக்கதோஷத்தில் எழுதியது. அந்த ஒரு வரியைத்தான் மோட்டோ ஐந்து வருஷம் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்தார். அஞ்சலட்டை விலை இன்னமும் ஐம்பது பைசா. பதில் வராவிட்டால், அடுத்த மாதம் இன்னொன்று.